மூன்று தடவை பாதியில் இறங்கிய சிகிரியாத் தாத்தா

இந்த நாட்டை ஆண்ட ராசாக்கள் எல்லாரும் சேர்ந்து கட்டிவைத்ததையும், அவர்களுக்கு முன்பே மலையும் ஆறும் கடலும் செய்துவைத்ததையும், ஒரு தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்துகொண்டு எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் காட்டி முடித்தவர் சிகிரியாத் தாத்தா. சுற்றுலாவுக்கென்று கொழும்பில் ஓர் அமைச்சு இருக்கிறதாம். இருக்கட்டும், நல்லது. சாய்ந்தமருதில் எங்கள் தெருவுக்கு மட்டும் அது தேவைப்படவில்லை.

தாத்தா என்றதும் பொல்லு ஊன்றிய கிழவர் ஒருவரை நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் மூத்த சகோதரியைத்தான் தாத்தா என்போம். நான் தாதியாக வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு ஹட்டனிலிருந்து இடமாற்றம் பெற்று வந்த பிள்ளை ஒருத்திக்கு இது தெரியாது. "யூனிஃபோர்ம் அளவெடுக்கத் தாத்தா வருவா" என்று நான் சொன்னதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. யாரோ ஒரு கிழவர் வந்து தன்னை அளவெடுப்பதா என்று பின்னேரம் வரைக்கும் தவித்திருக்கிறாள். கடைசியில் ஸ்கூட்டியில் வந்து இறங்கியது ஊதா நிற ஹபாயா போட்ட ஐம்பது வயதுப் பெண். கழுத்தில் மாலை மாதிரி அளவு நாடா. ஹெல்மெட்டைக் கழற்றினால் உதட்டுக்கு நடுவில் இரண்டு குண்டூசி.

குண்டூசியை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி அளவைப் பற்றியதல்ல. ஹட்டன் என்றால் சிவனொளிபாத மலை பக்கத்தில்தானே, எத்தனை தரம் ஏறியிருக்கிறாய் என்று கேட்டார். ஒரு தரமும் இல்லை என்றாள் அவள். தாத்தா நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டார். அடுத்த லீவில் ஏறுவதாக அந்தப் பிள்ளை என்னைச் சாட்சி வைத்து வாக்குக் கொடுத்த பிறகுதான் நாடா திரும்பவும் வெளியே வந்தது. அவள் ஏறினாள். யூனிஃபோர்மும் வந்தது.

தாத்தாவின் தையல் அறையில் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் இலங்கை வரைபடம் ஒன்று தொங்கும். எங்கள் தெருப் பெண் ஒருத்தி புதிதாக ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அந்த இடத்தில் ஒரு குண்டூசி ஏறும். துணியோடு போனவள் உடுப்பு தன் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க முடியாது. தான் பார்க்காத ஊர்கள் எவை என்றுதான் பார்க்க முடியும்.

ஒரு நோன்புப் பெருநாளைக்கு முன்பு பொலன்னறுவை ட்ரிப்புக்குப் பேர் கேட்டார். லீவு இல்லை என்றேன். சரி புள்ள என்று சிரித்துக்கொண்டே என் துணியை வாங்கி வைத்தார். பெருநாளுக்கு முதல்நாள் போய்ச் சட்டையை விரித்துப் பார்த்தால் ஒரு கைதான் இருக்கிறது.

"தாத்தா, மத்தக் கை எங்க?"

"அது பொலன்னறுவையில இரிக்கி. வந்து எடுத்துக்கோ."

அந்தப் பெருநாளைக்குப் பழைய சட்டைதான் போட்டேன். அடுத்த மாதம் பொலன்னறுவைக்குப் போய், பராக்கிரம சமுத்திரம் என்கிற பெரிய குளத்தின் அணைக்கட்டில் நின்று, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தாத்தா தன் பையிலிருந்து இரண்டு கையும் உள்ள சட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் எனக்கே இன்னும் விளங்காத விஷயம்.

அவருடைய ட்ரிப்புகளுக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. எந்த இடத்துக்குப் போனாலும் முதல் பத்து நிமிடம் யாரும் போனை வெளியே எடுக்கக்கூடாது. சோற்றுப் பார்சலை அவிழ்க்கக்கூடாது. வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று கதைக்கக்கூடாது. சும்மா நின்று பார்க்க வேண்டும். முப்பத்தெட்டுப் பெண்கள் வாய் திறக்காமல் வரிசையாக நிற்பதைக் கண்டு, ஏதோ போராட்டம் நடக்கிறதாக்கும் என்று ஓர் ஆட்டோக்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

தாத்தாவுக்கு ஈடுகொடுத்துக் கதைக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவருடைய காக்காவின், அதாவது அண்ணனின் மனைவி, சபூரா மதினி. சொந்தமாக இரண்டு மீன்பிடிப் படகு உள்ள வீடு. ஊரைவிட்டு வெளியே போவதில் அவருக்குக் கொஞ்சமும் நம்பிக்கையில்லை. துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கு எப்படியோ கூட்டிப்போய் நிறுத்தியபோது, "தண்ணிதானே, நம்மட வாசலுக்கு முன்னால கடலே கெடக்கு" என்றார்.

தாத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கடல் படுத்துக் கெடக்கு மதினி. இது எழும்பி நிக்கிது."

சபூரா மதினி அதற்குப் பிறகு நீர்வீழ்ச்சியை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்ததை நான் கண்டேன். ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பார்த்தார்.

அறுகம்பேக்குப் போனபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். அலைச்சறுக்குப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீரிலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர் எங்களைக் கண்டு சிரித்து, கடலைக் காட்டி, "பியூட்டிஃபுல்" என்றார். தாத்தா நெஞ்சில் கைவைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "தேங்க் யூ" என்றார். தான் இரவு பகலாக இருந்து தைத்த உடுப்பைப் பாராட்டினால் எப்படிச் சொல்வாரோ அப்படி. வெள்ளைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குச் சிரிப்பு. பஸ்ஸில் ஏறியதும் தாத்தா எங்களைப் பிடித்துக்கொண்டார். ஊட்டுக்கு வந்தவர் ஊடு நல்லாயிருக்கு என்றால் வீட்டுக்காரி நன்றி சொல்ல மாட்டாளா, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்.

இப்படிப்பட்டவருக்குச் சிகிரியாத் தாத்தா என்று பேர் வந்ததில்தான் ஒரு சங்கடம் இருந்தது. சிகிரியாவைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. காசியப்ப ராசா ஏன் அந்த மலை மாதிரிக் கல்லின் மேல் போய் மாளிகை கட்டினான், தண்ணீர் எப்படி மேலே போனது, ராசாவின் இருக்கை எந்தப் பக்கம், அங்கே காற்று எப்படி அடிக்கும் என்றெல்லாம் பொத்தான் தைத்துக்கொண்டே சொல்லுவார். கேட்பவளுக்கு மூச்சு வாங்கும். ஆனால் நீங்கள் எப்போது ஏறினீர்கள் என்று யாராவது கேட்டால் மட்டும் ஊசியில் நூல் கோர்ப்பதில் மும்முரமாகிவிடுவார்.

அவர் ஏறியதில்லை. மூன்று தடவை போய் மூன்று தடவையும் பாதியில் இறங்கி வந்தவர். முதல் தடவை குளவி கலைந்துவிட்டது என்று எல்லாரையும் கீழே அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை உச்சிப் படிகள் தொடங்கும் சிங்கப் பாதம் வரைக்கும் போனபோது மழையும் காற்றும் பிடித்தது. கூட வந்த பெண்களை அந்த வழுக்கலில் ஏற்ற மாட்டேன் என்று இவரே திருப்பிவிட்டார். மூன்றாம் தடவை ஓவியங்களைப் பார்க்க ஏறும் சுழல் படியில் வயதான மாமி ஒருவருக்குத் தலை சுற்றியது. மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு தாத்தா இறங்கினார். மற்றவர்கள் உச்சிவரை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் படங்களைக் காட்டி அங்கே என்னென்ன இருக்கிறது என்று அவர்களுக்கே விளக்கிச் சொன்னவரும் தாத்தாதான்.

போன வருடம் நாலாவது தடவை போவதென்று முடிவாயிற்று. அதற்கு முதல் மாதம்தான் அவருடைய முழங்கால் எக்ஸ்ரேயை நான் பார்த்திருந்தேன். முப்பது வருடம் மெஷின் மிதித்த முழங்கால். டொக்டர் சத்திரசிகிச்சை செய்யத்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதுவரைக்கும் படி ஏறுவதைக் குறைக்கச் சொல்லியிருந்தார். நான் தையல் அறைக்குப் போய், தாத்தா, இது சரிவராது, நீங்கள் கீழே இருங்கள், நாங்கள் ஏறிவிட்டு வருகிறோம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"டொக்டர் கொறைக்கத்தான் சொன்னாரு புள்ள. ஏற வேணாம் எண்டு சொல்லல்ல" என்றார். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஒப்பரேஷனுக்குப் பொறகு கால் எப்பிடி வருமோ, ஆருக்குத் தெரியும். இப்ப இரிக்கிற காலோட ஒருக்காப் போயிட்டு வாறன்."

பண்டேஜ், களிம்பு, குளுக்கோஸ் எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு நானும் பேர் கொடுத்தேன். சபூரா மதினியும் வந்தார். கல்லுப் பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று அவர் கேட்டது உண்மைதான். ஆனால் அவருடைய மகளின் கல்யாண உடுப்பு அந்த நேரம் தாத்தாவின் மேசையில் இருந்தது. வேறு வழியில்லை.

விடியற்காலை சுபஹு தொழுத கையோடு பஸ் வெளிக்கிட்டது. பத்து மணிக்குச் சிகிரியாவில் இறங்கினோம். முப்பத்தெட்டு ஹபாயாக்கள் இறங்குவதைக் கண்டு, வழிகாட்டிப் பையன்களில் ஒருவர், இருபத்தைந்து வயது இருக்கும், முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தார். "வெல்கம் டு ஸ்ரீ லங்கா, மெடம். மாலைதீவா? மலேசியாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தாத்தா பஸ் படியிலேயே நின்றார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக இறங்கி, அம்பாறையில் தையல் பழகிய காலத்துச் சிங்களத்தில், தம்பி உங்கட ஊர் எது என்று கேட்டார். தம்புள்ளை என்றார் அவர். அதற்குப் பிறகு தாத்தா சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"தம்புள்ளையில இருந்து இஞ்ச வர அரை மணித்தியாலம். நாங்க சாய்ந்தமருதுல இருந்து அஞ்சு மணித்தியாலம் வந்திரிக்கம், நம்மட கல்லப் பாக்க. இப்ப சொல்லுங்க, ஆர் ஆர வெல்கம் பண்ணோணும்?"

அந்தத் தம்பியின் முகம் சிவந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். தாத்தா அவர் தோளில் தட்டி, பரவாயில்லை, வாங்க, எங்களோட வந்து பாருங்க என்றார். அவர் நிஜமாகவே வந்தார். நீர்த் தோட்டத்தைக் கடக்கும்போது அவர் விளக்கம் சொன்னார், தாத்தா இடையில் திருத்தினார். கண்ணாடி மாதிரி மினுக்கியதால் கண்ணாடிச் சுவர் என்று பேர் வாங்கிய பழைய சுவருக்குப் போனபோது தாத்தா விளக்கம் சொன்னார், அவர் கேட்டுக்கொண்டு வந்தார். மிஸ் எந்தப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறார் என்று என்னிடம் இரகசியமாக விசாரித்தார். உடுப்புத் தைக்கிறவர் என்றேன். அவர் நம்பவில்லை.

சிங்கப் பாதத்துக்கு வந்து சேர்ந்தபோது தாத்தாவின் முகத்தில் வேர்வை ஓடியது. வலது காலை ஊன்றும்போதெல்லாம் உதட்டைக் கடித்தார். அங்கேயிருந்து உச்சிக்குப் போவது கல்லோடு ஒட்டிய இரும்புப் படிகள்தான். காற்று அடிக்கும். கீழே பார்த்தால் மரங்கள் எல்லாம் கீரைப்பாத்தி மாதிரித் தெரியும். பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். தாத்தா பிஸ்மி சொல்லிக் கம்பியைப் பிடித்தார். நான் பின்னால் போனேன். ஒரு படி, ஓய்வு. இரண்டு படி, ஓய்வு. குளவி இல்லை, மழை இல்லை. மேலே போனவர்களின் பேச்சுக் குரல் கேட்கும் தூரத்துக்கு வந்துவிட்டோம்.

அப்போதுதான் கீழேயிருந்து படிக்குப் படி வாய்மாறிச் செய்தி வந்தது. சபூரா மதினி நடுவில் நின்றுவிட்டாராம். ஏறவும் மாட்டாராம், இறங்கவும் மாட்டாராம்.

தாத்தா மேலே பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். அந்த முகத்தை நான் லேசில் மறக்க மாட்டேன். சட்டென்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் போய்ப் பார்க்கிறேன், நீங்கள் ஏறுங்கள் என்றேன். அதற்குள் அவர் திரும்பி இறங்கத் தொடங்கிவிட்டார். வழிகாட்டித் தம்பி முன்னால் போய் ஆட்களை ஒதுக்கிவிட, நோகிற காலால் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

சபூரா மதினி கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி, கண்ணை இறுக மூடி, தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதிக்கொண்டிருந்தார். தாத்தாவின் குரல் கேட்டதும் கண்ணைத் திறக்காமலே அழத் தொடங்கினார். "நீ என்னத்துக்குகா எறங்கி வந்தாய்? மூணு தரம் எறங்கினவள். என்னால நாலாவது தரமும் எறங்கினாய் எண்டு இரிக்க வேணாம். நீ போ."

"நான் எறங்க வரல்ல மதினி. உங்களக் கூட்டிப் போகத்தான் வந்தன்" என்றார் தாத்தா.

மேலே எத்தனை படி இருக்கிறது என்று மதினி கேட்டார். தாத்தா மதினிக்கு ஒரு படி கீழே நின்று, முதுகில் கைவைத்து, கல்யாண உடுப்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். பிள்ளையின் உடுப்புக்குக் கைநுனியில் வெள்ளிக் கரை வைக்கலாம் என்று நினைத்திருக்கிறாராம்.

மதினி கண்ணை மூடியபடியே, வெள்ளி வேண்டாம், தங்கக் கரைதான் வேண்டும் என்றார். வலது கால் ஒரு படி ஏறியது.

தங்கக் கரை இந்தத் துணிக்கு எடுக்காது என்றார் தாத்தா. எடுக்கும் என்றார் மதினி. இன்னொரு படி. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிதான் விரும்புகிறார்கள் என்று தாத்தா ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஆர், என்ட புள்ளைக்குக் கரை சொல்ல என்று மதினிக்குக் கோபம் பொங்கியது. அந்தக் கோபத்தில் நாலு படி. கழுத்துக்கு மணி வைப்பதா இல்லையா, முக்காடு எவ்வளவு நீளம், பொத்தான் எத்தனை என்று சண்டை தொடர்ந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஜெர்மன்காரக் குடும்பம் ஒன்று, ஏதோ உயிர்ப் பிரச்சினை என்று நினைத்து மிகவும் கவலையோடு பொறுத்துக்கொண்டு வந்தது. வழிகாட்டித் தம்பிக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் மதினி பக்கம்தான் நியாயம் என்று தலையாட்டினார்.

கடைசியில் தங்கக் கரை என்றே முடிவாகியது. மதினி வெற்றியோடு அடுத்த படிக்குக் காலைத் தூக்கினார். படி இருக்கவில்லை.

தாத்தா சொன்னார்: "மதினி, இப்ப கண்ணத் திறங்க."

மதினி திறந்தார். நாலாபக்கமும் காடு, காட்டுக்கு நடுவில் குளங்கள், தூரத்தில் நீலமாக மலைகள். முக்காட்டைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. பழைய செங்கல் சுவர் ஒன்றில் போய் உட்கார்ந்தார். இறங்குவோமா என்று பிறகு நாங்கள் கேட்டபோது, என்ன அவசரம், இவ்வளவு பாடுபட்டு வந்தோம், இருந்துவிட்டுப் போவோம் என்று எங்களைக் கடிந்துகொண்டார்.

தாத்தாவுக்குத் தானும் ஏறிவிட்டது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. மதினியை உட்காரவைத்துவிட்டுத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். பெண்கள் எல்லாரும் அவரைச் சுற்றி வந்து நின்றார்கள். விளக்கம் வருமென்று காத்திருந்தார்கள். ராசாவின் இருக்கை பின்னால்தான் இருந்தது. குளம் கீழே மின்னியது. தாத்தாவுக்கு வாய் வரவில்லை. தையல் அறையில் இருந்தபடியே முப்பத்தெட்டுப் பேரை ஆயிரம் தரம் அங்கே கூட்டிவந்து காட்டிய வாய்.

பிறகு வழிகாட்டித் தம்பியிடம், எங்கள் ஊரை ஒட்டிய கல்முனை எந்தப் பக்கம் என்று கேட்டார். அவர் கையை நீட்டிக் கிழக்கைக் காட்டினார். அந்தப் பக்கம் காடும் வெயிலும்தான் இருந்தது. தாத்தா நெற்றியில் கையை வைத்து, ஏதோ நன்றாகத் தெரிவது போலப் பார்த்தார்.

"அங்கயிருந்து வந்து ஏறிட்டம்" என்றார்.

அவ்வளவுதான். யாரோ ஒருத்தி மாஷா அல்லாஹ் என்றாள். ஒருவரும் போனைத் தொடவில்லை. வழிகாட்டித் தம்பி தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார்.

இறங்கிவந்தபோது அவருடைய முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. பஸ்ஸின் பின் ஆசனத்தில் காலை நீட்டவைத்துப் பண்டேஜ் சுற்றினேன். நான் சுற்றிய விதம் சரியில்லை, ஓரம் கோணலாக இருக்கிறது என்று அவிழ்த்துத் திரும்பவும் தானே சுற்றினார். தையல்காரியிடம் துணி சுற்றிக்காட்டியது என்னுடைய பிழைதான். பொலன்னறுவை தாண்டும் முன்பே என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார். சபூரா மதினி எழும்பி வந்து, தன் சால்வையை மடித்து அவருடைய காலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

இந்த வருடம் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். எங்கள் வார்டில் பன்னிரண்டு நாள் இருந்தார். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் இருந்த காரைதீவு டீச்சரையும், மருந்து கொண்டுவந்த பெண்ணையும், தன்னை வெட்டித் தைத்த டொக்டரின் மனைவியையும் யாழ்ப்பாணம் நெடுந்தீவு ட்ரிப்புக்குச் சேர்த்துவிட்டார். தையல் நேராக வந்திருக்கிறது என்று டொக்டருக்கும் ஒரு பாராட்டுக் கிடைத்தது.

சிகிரியாவின் உச்சியிலிருந்து என்னவெல்லாம் தெரியும் என்று வார்டில் கூட வேலை செய்யும் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள். எனக்கு அவ்வளவாகச் சொல்லத் தெரியவில்லை. அங்கே நின்ற நேரம் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தது தாத்தாவின் முகத்தைத்தான்.